வாய் திறவாத வயிறு

பவானிக் கூடுதுறையில் கண்ணுக்குத் தெரியும் நதிகள் இரண்டு. காவிரி ஒன்று, பவானி மற்றொன்று. மூன்றாவதாக அமுத நதி பூமிக்கு அடியில் வந்து கலப்பதாக நம் முன்னோர் சொன்னார்கள். அதை யாரும் கண்டதில்லை. ஆயினும் ஆடிப் பதினெட்டன்று முழுக்குப் போடும் எந்தத் தாய்க்கும் அது இருப்பதில் சந்தேகம் கிடையாது. கண்ணுக்குத் தெரியாததை நம்புவதில் நம் ஊர்ப் பெண்மணிகளுக்கு நிகர் அவர்களேதான். ஆனால் தங்கள் வயிற்றுக்குள்ளேயே கண்ணுக்குத் தெரியாமல் ஒன்று வளருமானால், அது மட்டும் இல்லை என்று நம்பவே அவர்கள் விரும்புகிறார்கள்.

வயிறு சற்று உப்பினால் முதலில் அது வாயு. பெருங்காயமும் ஓமமும் போட்டுப் பார்த்தும் இறங்காவிட்டால் சூடு. விளக்கெண்ணெய் தடவியும் தணியாவிட்டால், யாரோ 'மருந்து வைத்துவிட்டார்கள்'. மருந்து எடுப்பவரைத் தேடிப் போக வேண்டும். அதற்குள் ஆறு மாதம் ஓடிவிடும். இதற்கிடையில் தண்ணீர்க் குழாயடியில், "இந்த வயசுல இவளுக்கு ஆசையப் பாரு!" என்று பேசி, நாற்பத்தெட்டு வயதுக்காரிக்கு வளைகாப்பே நடத்திவிடுவார்கள். கலியாணமாகாத பெண்ணாயிருந்தால் அந்தப் பேச்சை இங்கே எழுதவும் கை கூசுகிறது.

பெண்களின் அடிவயிற்றில் உண்டாகும் கட்டிகளையும், அவற்றைக் கத்தி வைக்காமலே கண்டறியும் படக் கருவிகளையும் பற்றித்தான் இவ்வாரம் எழுதப் புகுந்திருக்கிறோம். குடும்பத்தார் எல்லாரும் வாசிக்கும் பத்திரிகையில் இதையெல்லாம் எழுதலாமா என்று சில பெரியவர்கள் புருவத்தை உயர்த்தக்கூடும். குடும்பத்தில் வரும் நோயைக் குடும்பப் பத்திரிகையில் எழுதாமல் வேறு எங்கே எழுதுவது?

* * *

படக் கருவி இல்லாத காலம் எப்படி இருந்தது என்பதை முதலில் பார்ப்போம்.

1809-ம் வருஷம் டிசம்பர் மாதம். அமெரிக்காவில் கென்டகி என்னும் பிரதேசத்தில் ஜேன் கிராபர்ட் என்ற ஸ்திரீக்கு வயிறு பெருத்துக்கொண்டே போயிற்று. இரட்டைக் குழந்தைகள் என்றும், பிரசவ நாள் கடந்துவிட்டது என்றும் சுற்றியிருந்த எல்லாரும் நினைத்தார்கள். எப்ரெயிம் மக்டவல் என்னும் டாக்டர் வந்து கையால் பரிசோதித்து, 'இது குழந்தை அல்ல. சினைப்பையில் வளர்ந்த கட்டி' என்று சொன்னார். அதுவரை அப்படிப்பட்ட கட்டியை அறுத்தெடுத்து நோயாளியைப் பிழைக்க வைத்தவர் யாரும் இல்லை. அந்த அம்மாள் அறுபது மைல் தூரம் குதிரை மீது சவாரி செய்து டாக்டரின் ஊராகிய டான்வில்லுக்கு வந்து சேர்ந்தார். மயக்க மருந்து அந்நாளில் கிடையாது. விழித்த கண்ணோடு படுத்திருந்தவரின் வயிற்றிலிருந்து சுமார் பத்துக் கிலோ எடையுள்ள கட்டி வெளியே வந்தது. ஐந்தாம் நாள் டாக்டர் போய்ப் பார்த்தபோது அந்த அம்மாள் எழுந்து தம் படுக்கையைத் தாமே சரிசெய்துகொண்டிருந்தாராம். அதன் பிறகு முப்பத்திரண்டு வருஷம் உயிர் வாழ்ந்தார்.

மக்டவலுக்கு இருந்த கருவி அவருடைய பத்து விரல்கள்தாம். கெட்டிக்கார டாக்டரின் விரல்கள் பல விஷயங்களைச் சொல்லும், இன்றும் சொல்லுகின்றன. ஆனால் வயிற்றுக்குள் இருப்பது நீரா, சதையா, ஒரே அறையா, பல அறைகளா என்பதை விரலால் எப்போதும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஆகவே, வெகு காலம் வரையில் திறந்து பார்ப்பது ஒன்றே வழியாயிருந்தது. திறந்த பிறகு, 'திறந்திருக்கவே வேண்டாம்' என்று தெரிந்துகொண்ட சந்தர்ப்பங்களும் உண்டு.

1895-ல் ராண்ட்கன் எக்ஸ்ரே கதிரைக் கண்டுபிடித்தார். சென்னைப் பொது ஆஸ்பத்திரியில் 1934-ல் பார்னார்டு கதிரியல் நிலையம் ஏற்பட்டது. ஆனால் எக்ஸ்ரே எலும்பைக் காட்டுவதில் வல்லது; மெல்லிய சதைகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்ட அதனால் இயலாது. அடிவயிற்றுக் கட்டிகளில் சிலவற்றை மாத்திரம் அது சில சமயம் காட்டிக் கொடுத்தது. சினைப்பையில் 'டெர்மாய்டு' என்று ஒரு வகைக் கட்டி உண்டு. அதற்குள் முடியும் கொழுப்பும் சில சமயம் பல்லுங்கூட வளர்ந்திருக்கும். அந்தப் பல் எக்ஸ்ரேயில் தெரியும்! வயிற்றுக்குள் பல் இருப்பதைக் கேட்டால் பேய் பிசாசின் வேலை என்று நினைக்கத் தோன்றும். உண்மையில், எந்த உறுப்பாகவும் மாறக்கூடிய கரு அணுக்கள் சினைப்பையில் இருப்பதால் விளையும் கோளாறு அது. அக்கட்டிகள் பெரும்பாலும் சாதுவானவையே.

* * *

இனி, 1955-ம் வருஷம் ஜூலை மாதம் ஸ்காட்லாந்து தேசத்தில் கிளாஸ்கோ நகருக்கு அருகே நடந்த ஒரு வேடிக்கையான பிரயாணத்தைச் சொல்லுகிறோம்.

அயன் டொனால்டு என்பவர் கிளாஸ்கோ சர்வகலாசாலையில் பிரசவ வைத்தியப் பேராசிரியர். யுத்த காலத்தில் விமானப் படையில் வேலை பார்த்தவர். எதிரொலியைக் கொண்டு மறைந்திருப்பதைக் கண்டுபிடிக்கும் கருவிகளைப் பற்றி அங்கே அறிந்தவர். ரென்புரூ என்னும் ஊரில் பாப்காக் அண்டு வில்காக்ஸ் என்ற பெரிய கொதிகலன் தொழிற்சாலை இருந்தது. அங்கே உருக்குத் தகட்டின் உள்ளே விரிசல் இருக்கிறதா என்று ஒலி அலையைச் செலுத்திப் பார்க்கும் கருவி ஒன்று உண்டு. இரும்புக்குள் இருக்கும் பழுதைக் காட்டும் கருவி சதைக்குள் இருப்பதைக் காட்டாதா என்று டொனால்டுக்குத் தோன்றிற்று. ரண சிகிச்சையில் எடுத்த நார்க்கட்டிகளையும் நீர்க்கட்டிகளையும் இரண்டு மோட்டார் வண்டிகளின் பின்பெட்டிகளில் ஏற்றிக்கொண்டு தொழிற்சாலைக்குப் போனார். ஒப்பிட்டுப் பார்ப்பதற்குத் தொழிற்சாலைக்காரர்கள் பெரிய மாட்டிறைச்சித் துண்டு ஒன்றைத் தயாராக வைத்திருந்தார்களாம்! கருவி ஏமாற்றவில்லை. நீர் நிறைந்த கட்டி ஒரு விதமாகவும், கெட்டியான கட்டி வேறு விதமாகவும் எதிரொலித்தன.

பிறகு டாம் பிரவுன் என்ற இருபத்துமூன்று வயது இளைஞர், ஒரு கருவித் தொழிற்சாலையின் இஞ்சினியர், டொனால்டின் முயற்சியைக் கேள்விப்பட்டுத் தாமாகவே வந்து சேர்ந்தார். டொனால்டு, ஜான் மக்விகார் என்ற இளைய டாக்டர், பிரவுன் ஆகிய மூவரும் கருவியைச் செப்பனிட்டுக்கொண்டிருந்த நாளில், வயிறு பெருத்த ஒரு பெண்மணியைப் பார்க்கும்படி ரண வைத்தியப் பேராசிரியர் ஒருவர் டொனால்டை அழைத்தார். எக்ஸ்ரேப் படம் வயிற்றுப் புற்று என்று சொல்லிற்று. வயிற்றில் நீர் கோத்திருப்பதாகவும் எண்ணினார்கள். இனிச் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்று கைவிடப்பட்டவர் அவர்.

கருவி வேறு கதை சொல்லிற்று. வயிறு முழுதும் தளும்பி ஓடும் நீர் அல்ல அது. விளிம்பு கட்டி, ஓர் உறைக்குள் அடைபட்ட நீர். அதாவது, சினைப்பையில் தோன்றிப் பிரம்மாண்டமாக வளர்ந்த நீர்க்கட்டி. வயிற்றைத் திறந்து அதை எடுத்தார்கள்; புற்றுநோய் அல்ல. அந்தப் பெண்மணி பிழைத்தார். 1958 ஜூன் 7-ம் தேதி 'லான்செட்' என்ற வைத்தியப் பத்திரிகையில் மூவரும் வெளியிட்ட கட்டுரையில் இந்த விவரம் இருக்கிறது. இன்று உலகமெங்கும் ஸ்கேன் அறைகளில் நடப்பதற்கெல்லாம் அந்தக் கட்டுரைதான் ஆதிமூலம். கர்ப்பத்திலுள்ள குழந்தையைப் பார்ப்பதற்காகப் பிறந்த கருவி அது என்று பலர் எண்ணியிருக்கிறார்கள். அந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே இருப்பது அடிவயிற்றுக் கட்டி.

* * *

"ஏனுங் டீச்சரம்மா, வயித்துக்குள்ள இருக்கறது வெளியில இருந்து எப்படீங்க தெரியும்? கண்ணாடியா வச்சிருக்குது?" என்று ஜமுக்காளத் தறிக்காரர் வீட்டுப் பாட்டி ஒருத்தி நம்மைக் கேட்டாள். நல்ல கேள்வி. தேங்காய்க் கடையில் பாட்டி என்ன செய்கிறாள்? காயை எடுத்துச் சுண்டிப் பார்க்கிறாள். ஓடு கண்ணாடியாகவா இருக்கிறது? உள்ளே நீர் எவ்வளவு என்று ஒலி அவளுக்குச் சொல்லிவிடுகிறது. ஆஸ்திரிய தேசத்தில் சத்திரக்காரர் மகனாகப் பிறந்த ஆவன்புருகர் என்ற டாக்டர், நோயாளியின் மார்பைத் தட்டிப் பார்த்து நோயை அறியும் முறையை 1761-ல் வெளியிட்டார். பாட்டியின் தேங்காய்ச் சாஸ்திரத்துக்கும் அதற்கும் அதிகத் தூரம் இல்லை.

ஸ்கேன் கருவியும் தட்டித்தான் பார்க்கிறது. ஆனால் நம் காதுக்குக் கேளாத ஒலியால் தட்டுகிறது. மனிதர் காது ஒரு விநாடிக்கு இருபதினாயிரம் அதிர்வு வரையில்தான் கேட்கும். ஸ்கேன் கருவியின் ஒலி விநாடிக்கு இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட அதிர்வுடையது. அது தேகத்துக்குள் விநாடிக்குச் சுமார் 1540 மீட்டர் வேகத்தில் சென்று, எங்கெல்லாம் ஒரு பொருள் முடிந்து வேறு பொருள் ஆரம்பமாகிறதோ அங்கெல்லாம் எதிரொலித்துத் திரும்புகிறது. திரும்ப எடுத்துக்கொண்ட நேரத்தைக் கணக்கிட்டால் ஆழம் தெரிந்துவிடும். ஒரு விநாடியைப் பத்து லட்சம் கூறாக்கினால் அதில் பதின்மூன்று கூறு ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்கு. இந்தக் கணக்கைக் கருவி இடைவிடாமல் போட்டுப் படமாகத் திரையில் வரைகிறது. எதிரொலியே வராத நீர் கறுப்பாகவும், சதை சாம்பல் நிறமாகவும், எலும்பின் விளிம்பு வெண்மையாகவும் தெரியும். எக்ஸ்ரேயைப் போன்ற கதிர் இதில் கிடையாது; ஆகையால் அந்தப் பயத்துக்கும் இடம் இல்லை.

இந்த ஒலிக்கு முக்கியமான சத்துரு ஒன்று உண்டு, அது காற்று. வயிற்றின் மேல் குளிர்ந்த பசையைத் தடவுவது, கருவிக்கும் தோலுக்கும் இடையே காற்று புகாதிருப்பதற்காக. தண்ணீரைக் குடித்து மூத்திரப்பை நிறைந்த பிறகு வரச் சொல்லுவதும் இதனாலேயே. நிறைந்த மூத்திரப்பை காற்றடைத்த குடல்களை ஒதுக்கிவிட்டு, கருப்பைக்கும் சினைப்பைகளுக்கும் ஒரு ஜன்னலாக நிற்கிறது. 'இத்தனை நாழி அடக்கிக்கொண்டு உட்கார வைக்கிறார்களே!' என்று வரிசையில் நெளியும் சகோதரிகள், அது தண்டனை அல்ல, ஜன்னல் திறப்பது என்று அறிந்தால் சற்று ஆறுதல் அடைவார்கள்.

கலியாணமான ஸ்திரீகளுக்கு, மெல்லிய கருவி முனையை யோனி வழியாக வைத்துப் பார்ப்பதும் உண்டு. அப்போது மூத்திரப்பை காலியாக இருக்க வேண்டும். சினைப்பைக்கு அருகிலேயே போய்விடுவதால் படம் மிகத் தெளிவாக இருக்கும். பெண்ணின் சம்மதமில்லாமல் அதைச் செய்யலாகாது; கூட ஒரு பெண் துணை நிற்கக் கேட்பது அவளுடைய உரிமை. கலியாணமாகாத பெண்களுக்கு வயிற்றின் மேலிருந்து பார்ப்பதே வழக்கம். ஆகையால், 'கன்னிப் பெண்ணுக்கு ஸ்கேனா?' என்று தாய்மார்கள் நடுங்க வேண்டியதில்லை.

ஊர் வாய்க்குப் பயந்து ஸ்கேன் நிலையத்தின் படி ஏறாத தாய்மார்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். கட்டியுள்ள சினைப்பை சில சமயம் தன் காம்பிலேயே திருகிக்கொள்ளும். திடீரென்று ஒரு பக்கம் பொறுக்க முடியாத வலியும் வாந்தியும் வரும். பள்ளிக்கூடப் பெண்ணுக்குக்கூட வரலாம். இரத்த ஓட்டம் தடைப்படுவதால் அந்தச் சினைப்பையைக் காப்பாற்றுவதற்குச் சில மணி நேரமே அவகாசம். அந்த நேரத்தில், 'அண்டை வீட்டார் பார்த்தால் என்ன நினைப்பார்கள்?' என்று யோசித்துக்கொண்டிருப்பது பெண்ணின் எதிர்காலத்தைப் பணயம் வைப்பதாகும். கர்ப்பம் கருப்பைக்கு வெளியே குழாயில் தங்கி வெடிப்பதும் இவ்விதமே அவசரமானது. இரண்டிலும் ராத்திரி என்றும் பகல் என்றும் பார்க்கலாகாது.

* * *

கட்டி என்ற சொல்லைக் கேட்டவுடனே வீட்டில் ஒப்பாரி எழுவதை நாம் கண்டிருக்கிறோம். படத்தில் தெரிவதெல்லாம் புற்று அல்ல, பெரும்பாலானவை அல்ல.

கருப்பைச் சுவரில் வளரும் நார்க்கட்டி மிகச் சாதாரணமானது. ஐம்பது வயதை எட்டுவதற்குள் பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு அது உண்டாவதாக அயல்நாட்டு ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. அது புற்றாயிருப்பது மிக மிக அபூர்வம். அதிக உதிரப்போக்கோ வலியோ தந்தால் சிகிச்சை வேண்டும். சும்மா இருந்தால் அதையும் சும்மா விட்டுவிடலாம். மாதந்தோறும் முட்டை வெளிப்படும் போக்கில் சினைப்பையில் உண்டாகும் சிறு நீர்ப்பைகள் இரண்டு மூன்று மாதத்தில் தாமாகவே மறைந்துவிடுகின்றன. இக்காலத்துப் பெண்களிடையே அதிகமாகக் கேள்விப்படும் 'பி.சி.ஓ.டி.' என்பதில் காணும் 'நீர்க்கட்டிகள்' உண்மையில் கட்டிகளே அல்ல. முழு வளர்ச்சி அடையாத சிறு முட்டைப் பைகள். அவற்றை அறுத்தெறிய வேண்டும் என்று யாராவது சொன்னால் காரணம் கேளுங்கள். கருப்பையின் உட்படலம் வெளியே போய்ச் சினைப்பையில் தங்கி, மாதாமாதம் அங்கேயே உதிரம் கசிந்து உண்டாகும் கட்டியும் உண்டு. விலக்கு நாட்களில் உயிர் போகும் வலி வரும். 'பெண் என்றால் வலி சகஜந்தான்' என்று சொல்லிச் சொல்லியே அதை நாம் வருஷக் கணக்கில் வளர விட்டுவிடுகிறோம்.

ஆபத்தான கட்டியைப் படத்தில் எப்படி அடையாளம் கண்டுகொள்ளுகிறார்கள்? பல தேசத்து நிபுணர்கள் சேர்ந்து ஆயிரக்கணக்கான படங்களை ஒப்பிட்டு, 2008-ல் எளிய விதிகள் சிலவற்றை வகுத்தார்கள். ஒரே அறை, வழுவழுப்பான சுவர், உள்ளே இரத்த ஓட்டமின்மை ஆகியவை நல்ல அறிகுறிகள். ஒழுங்கற்ற கெட்டிப் பகுதி, சுவரிலிருந்து உள்நோக்கி வளரும் பல முளைகள், மிகுந்த இரத்த ஓட்டம், வயிற்றில் கோத்த நீர் ஆகியவை தீய அறிகுறிகள். இரண்டுங்கெட்டானாயிருந்தால் எம்.ஆர்.ஐ. படம் துணை புரியும். புற்று என்ற சந்தேகம் வலுத்தால், அது எங்கெங்கே பரவியிருக்கிறது என்று பார்ப்பதற்கு சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள்.

இத்தனை கருவிகள் இருந்தும் படம் ஏமாற்றுவது உண்டு. நம் தேசத்தில் அதற்கு முக்கியமான உதாரணம் வயிற்றுக் க்ஷயம். நுரையீரலை அரிக்கும் அதே க்ஷயரோகம் பெண்ணின் அடிவயிற்றில் புகுந்தால், கட்டியும் நீர்க்கோவையும் உண்டாக்கிச் சினைப்பைப் புற்றைப் போலவே வேஷம் போடும். புற்றுக்காகச் செய்யும் 'சி.ஏ. 125' என்ற இரத்தப் பரிசோதனையின் அளவும் அதில் ஏறியிருக்கும். படமும் இரத்தமும் சேர்ந்து பொய்ச்சாட்சி சொன்னாலும், சதைத் துணுக்கை எடுத்துப் பரிசோதித்தால் உண்மை வெளிப்பட்டுவிடும். வெளிப்பட்டால், ஆறு மாதத்திற்குக் குறையாத மாத்திரையோடு தீரக்கூடிய நோய் அது. ஆகவே, படத்தைப் பார்த்த மாத்திரத்தில் நாள் எண்ணத் தொடங்குவது அறியாமை. கிளாஸ்கோ பெண்மணியை எக்ஸ்ரேப் படம் கைவிட்டது. வேறு படம் காப்பாற்றியது. எந்தப் படமும் ஒரு சாட்சிதான், தீர்ப்பு அல்ல.

* * *

இங்கே வேறொரு பக்கத்து அபாயத்தையும் சொல்லாமல் விட்டால் நாம் கடமையில் தவறியவர்களாவோம். படத்தைப் பார்க்காமலே இருப்பது ஓர் அபாயம் என்றால், படத்தைக் காட்டிப் பயமுறுத்துவது மற்றோர் அபாயம். 'கட்டி இருக்கிறது, கருப்பையை எடுத்துவிடலாம், நாளைக்கே புற்றாகிவிடும்' என்று சொல்லி ஏழைப் பெண்களின் கருப்பையைத் தேவையின்றி அறுத்த கொடுமை பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாகாணங்களில் நடந்ததாக வழக்கு எழுந்தது. 2023 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு, மத்திய சர்க்கார் வகுத்த நெறிமுறைகளை எல்லா மாகாணங்களும் மூன்று மாதத்துக்குள் கைக்கொள்ள வேண்டும் என்று உத்தரவிட்டது. மகாராஷ்டிரத்தில் பீட் ஜில்லாவில் கரும்பு வெட்டும் பெண்களிடையே கருப்பை நீக்கம் அளவுக்கு மீறி நடந்த செய்தி 2019-ல் நாடெங்கும் பரவியது. விலக்கு நாட்களில் வேலைக்குப் போக முடியாமல் கூலி போய்விடும் என்ற கவலையும் அவர்களை அதற்குத் தூண்டிற்றாம். கூலிக்காகக் கருப்பையைக் கொடுக்கும் நிலையில் நம் சகோதரிகள் இருந்தால், நமது சுதந்தரம் இன்னும் அவர்கள் குடிசை வாசலைத் தாண்டவில்லை என்றே கொள்ள வேண்டும். கருப்பையோடு சினைப்பைகளையும் இளவயதில் எடுத்துவிட்டால் எலும்பும் இருதயமும் பலவீனப்படும் என்பதையும் இங்கே நினைவூட்டுகிறோம்.

ஆகவே, 'எதற்கும் ஒரு ஸ்கேன்' என்று திருவிழாவுக்குப் போவதைப் போல ஆரோக்கியமாயிருப்பவர்களும் வருஷாவருஷம் போக வேண்டுமா? வேண்டியதில்லை. இங்கிலாந்தில் மாதவிலக்கு நின்ற 2,02,638 பெண்களை வைத்துப் பல வருஷம் நடந்த பெரிய ஆராய்ச்சியின் முடிவு 2021-ல் வெளியாயிற்று. நோயின் அறிகுறி எதுவும் இல்லாதவர்களுக்கு வருஷந்தோறும் ஸ்கேனோ இரத்தப் பரிசோதனையோ செய்ததால் சினைப்பைப் புற்றுச் சாவு குறையவில்லை. அறிகுறி இருப்பவர்களுக்குப் படம் தெய்வம். இல்லாதவர்களுக்கு அது சில சமயம் வீண் கவலை.

ஸ்கேன் நன்றாயிருந்தால் எல்லாம் நன்றாயிருக்கிறது என்றும் எண்ணலாகாது. கருப்பை வாயில் வரும் புற்று ஆரம்ப நிலையில் இந்தப் படத்தில் தெரியாது. அதற்கு வேறு பரிசோதனை உண்டு. திண்டுக்கல் ஜில்லாவில், அம்பிளிக்கை கிறிஸ்தவ ஆஸ்பத்திரியைச் சார்ந்தவர்கள் கிராமம் கிராமமாகச் சென்று, கருப்பை வாயில் காடியின் சத்தைத் தடவி, வெண்மையாகிறதா என்று கண்ணால் பார்த்தார்கள். அந்தச் சுலபமான பரிசோதனையால் அப்புற்றால் நேரும் மரணம் நூற்றுக்கு 35 பங்கு குறைந்ததாக 2007-ல் 'லான்செட்' பத்திரிகையில் வெளியாயிற்று. விலை உயர்ந்த கருவிதான் உயிர் காக்கும் என்பதில்லை. வேண்டிய நேரத்தில் வேண்டியதைச் செய்வதே காக்கும்.

* * *

எந்த ஸ்கேன் நிலையத்துக்குப் போனாலும் சுவரில் ஒரு பலகை கண்ணில் படும்: கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே சொல்லப்படமாட்டாது, சொல்லுவது குற்றம். 1994-ல் நிறைவேறி, 2003-ல் கடுமையாக்கப்பட்ட சட்டத்தின் கட்டளை அது. பெண்ணின் உயிரைக் காக்கக் கண்டுபிடித்த கருவியைப் பெண் கருவைக் கொல்ல உபயோகித்த சமூகம் நம்முடையது. 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க நேர்ந்ததை இந்தப் பக்கத்தில் இருக்கும் நாம் மறக்க முடியாது. பெண்ணைப் பிறக்கவிடாத மனமும், பிறந்த பெண் வலிக்கிறது என்றால் காது கொடுக்காத மனமும் ஒரே மரத்தின் இரண்டு கிளைகள் என்பது நமது அபிப்பிராயம்.

வெட்கத்தால் பெண்கள் சாவதைக் கண்டு வேலை செய்தவர்கள் இம்மாகாணத்தில் முன்பே உண்டு. 1875-ல் மேரி ஷார்லீப் என்ற ஆங்கில மாது, ஆண் வைத்தியரிடம் போக மறுத்து மாண்ட பெண்களுக்காகவே சென்னை வைத்தியக் கல்லூரியில் மாணவியாகச் சேர்ந்தார்; பிறகு கோஷா ஸ்திரீகளுக்கு ஆஸ்பத்திரி ஏற்பட உழைத்தார். திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தியின் பெயரை இன்று தாங்கி நிற்பது அதுவே. தம் சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1954-ல் அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரியை நிறுவினார். அவர்கள் கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போனார்கள். உள்ளே நுழைவது நம் பொறுப்பு.

ஆகையால், சகோதரிகளுக்கு முடிவாகச் சில வார்த்தைகள். வயிறு உப்புதல், கொஞ்சம் சாப்பிட்டாலும் நிறைந்துபோதல், அடிவயிற்று வலி, அடிக்கடி மூத்திரம் போகத் தோன்றுதல் ஆகிய இவை புதிதாக ஆரம்பித்து மூன்று வாரம் விடாமல் தொடர்ந்தால் டாக்டரிடம் செல்லுங்கள். விலக்கு நின்று ஒரு வருஷம் கழித்து ஒரு சொட்டு உதிரம் கண்டாலும் செல்லுங்கள். 'திரும்ப வந்துவிட்டது' என்று சிரித்துக்கொண்டு இராதீர்கள். அந்தச் சந்தர்ப்பத்தில் கருப்பையின் உட்படலம் எத்தனை மில்லிமீட்டர் என்று ஸ்கேன் சொல்லிவிடும். நான்குக்கு மேற்படாவிட்டால் புற்றுக்கு இடம் மிகக் குறைவு. படம் எடுத்த பின் அறிக்கையை எழுத்தில் வாங்கி, பழைய அறிக்கைகளோடு பத்திரமாக வையுங்கள்; போன வருஷத்து அளவு தெரிந்தால்தான் இந்த வருஷம் வளர்ந்ததா என்று தெரியும். பிறகு டாக்டரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: இது என்ன கட்டி? எடுக்காமல் கவனித்து வந்தால் என்ன ஆகும்? எடுப்பதானால் கருப்பையையும் சினைப்பையையும் விட்டு வைக்க முடியுமா? மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகு, அவசரமில்லாவிட்டால், இன்னொரு டாக்டரின் அபிப்பிராயத்தையும் கேளுங்கள். நல்ல டாக்டர் இதற்காகக் கோபிக்க மாட்டார்.

வீட்டு ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. தறிக்கட்டையில் ஓர் இழை அறுந்தால் உடனே தறியை நிறுத்திப் பார்க்கும் நீங்கள், வீட்டில் ஒருத்தி மூன்று மாதமாக இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடப்பதைப் பார்த்தீர்களா? 'என்ன?' என்று ஒரு தரம் கேட்டீர்களா? 'ஒண்ணுமில்லீங்க' என்ற பதில்தான் முதலில் வரும். இரண்டாம் தரம் கேளுங்கள். காதுக்குக் கேளாத ஒலியைக் கேட்பதற்கு மனிதன் கருவி செய்துவிட்டான். ஆனால் அந்தக் கருவியிடம் அழைத்துப் போவதற்கு, பெண்ணின் வாய்ச்சொல்லைக் கேட்கும் காது ஒன்று வீட்டில் இருக்க வேண்டும். அந்தக் காதை எந்தத் தொழிற்சாலையிலும் செய்து தர முடியாது.